பள்ளத்தெருவில் திரும்பி ஓடிய கால்வாய்

என் உயிரான அஞ்சலை அக்காவுக்கு,

காலையிலிருந்து கிழக்கே கறுத்துக்கொண்டு நிற்கிறது. ஒரு சொட்டு இன்னும் விழவில்லை. அதற்குள் நான் மூன்று முறை கால்வாய் முனைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். கதவு சரியாகத்தான் இருக்கிறது. என்ஜினில் டீசல் இருக்கிறது. வந்து உட்கார்ந்தால் கால் தானாக எழுந்துகொள்கிறது. எழுதினாலாவது ஒரு இடத்தில் உட்காருவேனா என்று பார்க்கிறேன்.

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. உனக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் உன் பெயருக்கு எழுதி, படிக்கத் தெரிந்தவர்கள் கையில் கொடுக்கப்போகிறேன். நடந்தது நாலு பேருக்குத் தெரியட்டும். என் வாயால் சொல்லித் தெரியட்டும்.

அவர்களுக்காக நம் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிற நம் ஊரில் இரண்டு தெரு. படகும் வலையும் வைத்துத் தொழில் செய்கிறவர்கள் மேட்டுத்தெருவில் இருக்கிறார்கள். ஏரியில் இறங்கிக் கையால் இறாலும் நண்டும் தடவிப் பிடிக்கிற நாம் பள்ளத்தெருவில் இருக்கிறோம். பெயரிலேயே இருக்கிறது, எது உயரம், எது தாழ்வு என்று. மழை பெய்தால் மேட்டுத்தெருவில் தண்ணீர் தேங்கும். அது மெல்ல மெல்ல வழிந்து நம் பக்கம் வரும்.

நீ இடுப்பளவு தண்ணீரில் குந்தியபடி, பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போவாய். வாயில் கயிறு இருப்பதால் அத்தனை நேரமும் பேச முடியாது. கரையேறியதும் விட்டுப்போன பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசுவாய். யார் யாருடன் சண்டை போட்டார்கள், யார் எப்படி நடந்தார்கள் என்று நடந்தே காட்டுவாய். உன் வீட்டுக்காரர் ஏகாம்பரம் மாமா திட்டுவது போல நடித்து மாமாவையே சிரிக்கவைத்தவள் நீ.

நான் டிப்ளமோ சிவில் முடித்து, தற்காலிக ஓவர்சீராக வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், நம் ஊர் மழைநீர்க் கால்வாய்க்கு அளவெடுக்கிற வேலை எனக்கு வந்தது. பொன்னேரிக்குப் போகிற பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் நீ சொன்னாயாம், என் தங்கச்சிதான் எங்க ஊருக்குக் கால்வாய் போடப்போவுது என்று. கண்டக்டர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கு வேறு மாதிரி இருக்கிறது.

சித்திரை வெயிலில் அளவெடுத்தோம். ஸ்டாஃப் கோல் பிடிக்க வேண்டிய ஆள் வரவில்லை. நீ ஏரிக்குப் போகாமல் வந்து அந்த உயரமான அளவுகோலைப் பிடித்துக்கொண்டாய். மாமா கேட்டதற்குக்கூடக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் நீ கோலை நிறுத்த, நான் லெவல் மெஷினில் பார்த்து எழுதிக்கொண்டே போனேன். கடைசியில் ஏரிக்கரைக்கு வந்ததும் நீ கேட்டாய்:

“ஒவ்வொரு வூட்டுக்கும் நம்பர் எழுதினியே, ஏரிக்கு எழுதினியா?”

எழுதியிருப்பதைக் காட்டினேன். நீ எட்டத்தில் ஒதுங்கிக் கிடந்த தண்ணீரைப் பார்த்துச் சிரித்தாய்.

“இது சித்திர மாசத்து ஏரிடி. மழைக்கு எங்க வந்து நிக்கும்னு என்னைக் கேளு.”

நம் தெருவின் கடைசி மின்கம்பத்துக்குக் கூட்டிப்போய், முழங்காலுக்கு மேலே ஒரு இடத்தில் விரலை வைத்தாய். ஏரி கடலில் சேருகிற முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கிற வருடத்தில் ஏரி அதுவரை வரும் என்றாய். எனக்கும் தெரியாததில்லை, நானும் அங்கே பிறந்தவள்தானே. அந்த இடத்தையும் அளந்து, அளவுப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

முதலில் போட்ட வரைபடத்தில் கால்வாய் நம் தெருவுக்குள் வரவே இல்லை, அக்கா. அது உனக்குத் தெரியுமா? மேட்டுத்தெருவின் வடக்கே சுற்றி, மீன் ஏலக் கொட்டகையைத் தாண்டி, உப்பு நிலத்தில் போய் விழுவதாக இருந்தது. அங்கே ஏரி ஏறி வந்தாலும் நிலத்தில் பரவும், வீடு எதுவும் கிடையாது. வழி நீளம். தண்ணீர் ஓட வாட்டம் குறைவு. ஆனாலும் அதுதான் சரி.

மேட்டுத்தெருக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. படகு ஏற்றி வைக்கிற இடத்தைத் தோண்டக்கூடாது என்றார்கள். எங்கள் இன்ஜினியர் சார் கெட்டவர் இல்லை. மழைக்கு முன்னால் முடியாவிட்டால் அந்த வேலையே வேறு ஊருக்குப் போய்விடும் என்ற நெருக்கடி அவருக்கு. குறுக்கு வழியாகப் பள்ளத்தெருவுக்குள் விட்டு நேராக ஏரியில் சேர்த்துவிடலாம் என்றார். நான் அந்தப் பென்சில் குறிப்பைக் காட்டினேன். கால்வாயின் அடித்தளம் மழைக்கால ஏரி மட்டத்துக்குக் கீழே போகிறதே சார் என்றேன். வருடத்தில் நாலு நாள்தானே, அடுத்த வேலையில் ஒரு கதவு போட்டுக்கொள்ளலாம் என்றார்.

நான் இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். கையெழுத்துப் போடாமல் இருந்திருக்கலாம். சின்ன வேலை, புது ஆள், இதில் பிடிவாதம் பிடித்தால் இனி எதையும் என்னிடம் கொடுக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். வரைபடத்தின் கீழே அளவெடுத்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன்.

கான்கிரீட் போட்ட அன்று நீ கொத்தனார்களுக்கு டீ கொண்டுவந்தாய். பள்ளத்தைக் குனிந்து பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாய்.

“தண்ணி எங்கடி போவும்?”

“ஏரிக்குத்தான்.”

“ஏரி எங்க போவும்?”

“முகத்துவாரம் தொறந்திருந்தா கடலுக்குப் போவும்.”

“தொறந்திருந்தா” என்று மட்டும் திருப்பிச் சொன்னாய். பிறகு டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அதற்கப்புறம் நீ கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை? என்னை நம்பினாயா? அத்தனை ஆட்களுக்கு நடுவில் என்னைத் தலைகுனிய வைக்க வேண்டாம் என்று விட்டாயா? இதை யாரிடம் போய்க் கேட்பேன் நான்?

கார்த்திகையில் புயல் மழை வந்தது. முகத்துவாரம் மணல் மேடிட்டுக் கிடந்தது. அன்று நான் அலுவலகத்தில் இருந்தேன். மேட்டுத்தெருவிலிருந்து போன் வந்தது, எப்போதும் ரெண்டு நாள் நிற்கிற தண்ணீர் ஒரு மணி நேரத்தில் வடிந்துவிட்டது, நல்ல வேலை செய்தாய் என்று. நான் உள்ளுக்குள் மகிழ்ந்தேன் அக்கா, மறைக்க மாட்டேன். அடுத்த போன் மாமாவிடமிருந்து வந்தது.

“கலா, உன் கால்வாய் திரும்பி ஓடுது.”

நான் வந்து சேர்ந்தபோது கால்வாய் முழுக்க நிரம்பி, ஏரித் தண்ணீரும் மேட்டுத்தெருத் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்து தெருவுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. பேப்பர் கப், மீன் செதில், கிழிந்த வலைத் துண்டு எல்லாம் என்னை நோக்கி மிதந்து வந்தன. ஒரு செத்த எலியும் வந்தது. நான் காலை விலக்கிக்கொண்டேன். நீ அதே தண்ணீரில் முழங்கால் முங்க நின்று, பாத்திரங்களைத் தலையில் ஏற்றி ஆட்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தாய்.

என்ஜின் வாடகைக்கு விடுகிற ரஹீம் பாய் பழவேற்காட்டிலிருந்து தண்ணீர் இறைக்கிற டீசல் என்ஜினைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாடகை என்ன என்று கேட்டதற்கு முதலில் தண்ணீர் போகட்டும் என்றார். இறைத்து ஏரியில் விட்டோம். விட்ட தண்ணீர் கால்வாய் வழியாகவே திரும்பி வந்தது. மணல் மூட்டை போட்டு முனையை அடைக்க வேண்டும் என்று சொன்னதும் முதலில் இறங்கியது நீதான். சிப்பி கிழித்து உன் குதிகாலில் ரத்தம் வந்தது. நானும் இறங்கப் போனேன். “நீ மேல நில்லு. ஆபீசுக்குப் போற காலு” என்றாய். நான் மேலேயே நின்றேன்.

மூட்டை போட்டதும் ஏரி வருவது குறைந்தது. ஆனால் மேட்டுத்தெருவிலிருந்து வடிந்துவந்தது ஒரு என்ஜினுக்கு அடங்காமல், வெளியே போக வழியில்லாமல் நம் வாசலில் நின்றது. ஒன்பது நாள். பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த நம் தெருப் பெண்கள் பகலில் வந்து வீட்டைப் பார்ப்பார்கள், என்னையும் பார்ப்பார்கள். ஒருநாள் ஒருத்தி வாய்விட்டுக் கேட்டே விட்டாள், படித்தவள் போட்ட கால்வாயா இது என்று. நீ அவள் முன்னால் போய் நின்றாய். “அவ இன்னா பண்ணுவா? மேல சொன்னதச் செஞ்சா” என்றாய். நான் அப்போதும் பேசாமல் இருந்தேன்.

ஒன்பதாம் நாள் பொக்லைன் வைத்து முகத்துவாரத்தை வெட்டினார்கள். ஏரி வடிந்ததும் மேல் மூட்டைகளை மட்டும் தள்ளிவிட்டோம், தெருத் தண்ணீர் சாயங்காலத்துக்குள் இறங்கிவிட்டது. சுவரில் ஒரு கோடு மட்டும் மிச்சம். அந்தக் கோட்டை அளந்து பார்த்தேன். நீ விரல் வைத்த இடத்துக்கும் அதற்கும் இரண்டு விரல்கூட வித்தியாசம் இல்லை.

அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல் வந்தது. கெண்டைக்காலில் வலி என்றாய். மூட்டை தூக்கிய வலி என்று நீயே முடிவு செய்துகொண்டு, கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, மறுபடியும் ஏரிக்குப் போனாய். கண் மஞ்சளான பிறகுதான் பொன்னேரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா உன் குதிகாலைப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் நின்றாயா என்று கேட்டார். எங்க பொழப்பே தண்ணிலதாம்மா என்றார் மாமா. எலிக்காய்ச்சல் மாதிரி இருக்கிறது, எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரில் காயத்தோடு நின்றால் வரும், உடனே சென்னைக்குக் கொண்டுபோங்கள் என்றார். சீட்டு எழுதிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். உப்புத் தண்ணீரில் அந்தக் கிருமி அதிக நேரம் நிற்காது, தேங்கின மழைத் தண்ணீரில்தான் இருக்கும் என்று.

மாமா அதைக் கவனித்தாரா தெரியாது. நான் கவனித்தேன்.

சென்னையில் நாலு நாள் இருந்தாய். சிறுநீரகம் நின்றுவிட்டது என்றார்கள். இரண்டாம் நாள் நினைவோடு இருந்தபோது என்னைக் கிட்டக் கூப்பிட்டாய். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறாய் என்று குனிந்தேன். “மிச்ச மூட்டைய எடுத்தாச்சா? இல்லன்னா வூட்டுத் தண்ணி நிக்கும்” என்றாய். எடுத்தாச்சு அக்கா என்றேன். எடுத்திருக்கவில்லை. அன்றைக்கே மாமாவின் தம்பிக்குப் போன் போட்டு எடுக்கச் சொன்னேன். மூட்டையை எடுத்துவிட்டோம் என்று நம்பித்தான் நீ போனாய். அது மட்டும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அதற்குப் பிறகு என் தலைக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் வந்து ஏரியே உப்புக் கரைந்து நல்ல தண்ணீராகிவிடும். கரையில் எலியும் உண்டு. நீ அங்கேயும் தினமும் நின்றாய். அப்படியானால் ஏரியிலிருந்தும் வந்திருக்கலாம். ஒருநாள் இப்படிச் சொல்லி என்னை விடுதலை செய்துகொள்வேன். மறுநாள் அந்தச் செத்த எலி ஞாபகம் வரும். எந்தத் தண்ணீர் அக்கா அது? என் கால்வாய்த் தண்ணீரா, உன் ஏரித் தண்ணீரா? எந்த மெஷினை வைத்து இதை அளப்பது?

யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. பாவம், அக்காவைப் பறிகொடுத்தவள் என்றுதான் பார்த்தார்கள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

மாசி மாதம் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். கால்வாய் விழுகிற இடத்தின் மட்டம் தவறு, ஏரி எதுவரை ஏறும் என்று அளவெடுத்தபோதே எனக்குத் தெரியும், தெரிந்தே கையெழுத்துப் போட்டேன் என்று. அளவுப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தையும் நகல் எடுத்து வைத்தேன். முனையில் ஒரு பக்கம் மட்டும் திறக்கிற இரும்புக் கதவு வேண்டும், ஏரி ஏறினால் அது தானாகச் சாத்திக்கொள்ளும். கதவு சாத்தியிருக்கும்போது தெருவில் பெய்கிற மழையைச் சேர்க்க ஒரு தொட்டி வேண்டும், அதிலிருந்து இறைக்க என்ஜின் வேண்டும். கடைசியாக, மேட்டுத்தெருத் தண்ணீரைப் பழைய நீள வழியிலேயே கொண்டுபோக வேண்டும். எல்லாவற்றையும் படம் போட்டு எழுதினேன்.

சார் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்து வைத்தார். இது ஃபைலில் ஏறினால் நிற்கும்மா, என் பெயரும் சேர்ந்து நிற்கும், உன் பெயரும் நிற்கும், யோசித்துக்கொள் என்றார். யோசித்துவிட்டுத்தான் வந்தேன் சார் என்றேன். பங்குனியோடு என் வேலைக்காலம் முடிந்தது. மறுபடி கூப்பிடவில்லை. கடிதத்தால்தானா என்று தெரியாது. இப்போது அனுப்பம்பட்டுப் பக்கம் ஒரு கட்டட வேலையில் இருக்கிறேன்.

அலுவலக வேலை போனாலும் கடிதத்தின் நகல் என்னிடம் இருந்தது. பள்ளத்தெருவில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிக்கொண்டு பொன்னேரியில் குறைகேட்பு நாளில் கொடுத்தேன். அங்கே இருந்த அதிகாரி ஒரு பெண். இரண்டு முறை படித்தார். உங்கள் மேலேயே நீங்கள் புகார் எழுதியிருக்கிறீர்கள், தெரிகிறதா என்று கேட்டார். தெரியும் என்றேன். அடுத்த வாரமே நேரில் வந்து அந்த மின்கம்பத்தையும் சுவரில் இருந்த கோட்டையும் பார்த்துவிட்டுப் போனார்.

ஆடியில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். இரண்டு தெருவும் வந்திருந்தது. மேட்டுத்தெருப் பெரியவர் ஒருவர் எழுந்து, அந்தக் கால்வாயால்தான் எங்கள் தெரு பிழைத்தது, போட்டவளே இப்போது தப்பு என்கிறாள், இது என்ன கூத்து என்று கேட்டார். மாமா என் பின்னால் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்தேன்.

“உங்க தெருவுல நிக்க வேண்டிய தண்ணிதான் எங்க தெருவுல நின்னுச்சு. அளவெடுத்தது நான். இப்படி ஆவும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்.”

பின்னால் நாற்காலி நகர்கிற ஓசை கேட்டது. மாமா எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தார். அதுவரை அவருக்கு அது தெரியாது அக்கா. மேலே சொன்னார்கள், நான் செய்தேன், அவ்வளவுதான் என்று நீ சொன்னதையே அவரும் நம்பியிருந்தார்.

கதவும் தொட்டியும் புரட்டாசியில் வந்துவிட்டன. ரஹீம் பாய் தன் பழைய என்ஜின் ஒன்றைத் தொட்டியருகே நிரந்தரமாகவே விட்டுவைத்திருக்கிறார். அதை ஓட்டுகிற பொறுப்பை மாமா ஏற்றுக்கொண்டார். நான் கிட்டப் போனால் என்ஜினைப் பார்த்துப் பேசுவார், என்னைப் பார்க்க மாட்டார்.

போன வாரம் இந்த வருடத்தின் முதல் பெரிய மழை வந்தது. நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு முனையிலேயே நின்றேன். ஏரி ஏறியது. கதவு சாத்திக்கொண்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்தில் தண்ணீர் பீச்சியடிக்க ஆரம்பித்தது. ஒரு பிளாஸ்டிக் பாட்டில் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டிருந்தது. இறங்கி எடுத்தேன். இந்த முறை மேலே நிற்கச் சொல்ல யாரும் இல்லை. தெருவில் கணுக்கால் அளவு நின்றது. மாமா பகல் முழுக்க இறைத்தார். சாயங்காலம் வாசல்கள் தெரிந்தன. உனக்கு இது போதுமா? எனக்குப் போதவில்லை. கணுக்கால் அளவும் தண்ணீர்தானே.

என்ஜினை நிறுத்திவிட்டு, கையில் இருந்த கிரீஸைத் துணியால் துடைத்துக்கொண்டே மாமா பேசினார். ஆடிக்குப் பிறகு என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

“கலா. அந்தத் தண்ணிதானா?”

என்னவெல்லாமோ சொல்லத் தோன்றியது. ஏரி நன்னீராவது, கரையில் எலி இருப்பது, எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது.

“தெரியல மாமா. இருக்கலாம்.”

அவர் துணியை மடித்து என்ஜின் மேல் வைத்தார்.

“அவ இருந்தா உன்னைத் திட்டிட்டு அப்பவே மறந்திருப்பா. எனக்குத் திட்டவும் வரல, மறக்கவும் வரல. நீ வந்து போய்க்கினு இரு.”

அவ்வளவுதான் சொன்னார். நான் சரி மாமா என்றேன்.

நீள வழிக்கு மேட்டுத்தெருவில் இன்னும் சம்மதம் கிடைக்கவில்லை. அளந்து மட்டும் பார்க்கட்டும், தோண்டுவதைப் பிறகு பேசலாம் என்கிறார்கள். அந்தப் பெரியவர் போன மழையில் குடை பிடித்துக்கொண்டு வந்து, நாங்கள் இறைப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, திரும்பிப் போனார். அதை நல்லதாக எடுத்துக்கொள்வதா கெட்டதாக எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஏலக் கொட்டகைப் பக்கம் அளவெடுக்க வருகிற புது ஓவர்சீருக்கு நானே கூட நின்று கோல் பிடிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. மேட்டுத்தெருத் தண்ணீர் உப்பு நிலத்துக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் அந்தப் பெரியவர் வாசலுக்கு நடப்பேன். ஒருமுறை இல்லை என்றால் பத்துமுறை நடப்பேன். தண்ணீர் போகிற இடத்தை மழையில் நின்று பார்க்காமல் இனி எந்தக் காகிதத்திலும் என் பெயரை எழுத மாட்டேன். மாமாவைப் பார்க்க வாரம் தவறாமல் போவேன். அவர் பேசினாலும் போவேன், பேசாவிட்டாலும் போவேன். என்றைக்காவது அவருக்குத் திட்ட வந்தால், தலையைக் குனிந்து முழுதும் கேட்டுக்கொள்வேன்.

உன் கூடப்பிறந்தவள்,
உனக்குப் பின்னால் பிறந்து உனக்குப் பின்னாலும் இருக்கிறவள்,
கலா